“எங்கம்மா போர் போடலாம்?” – வயலைத் தோண்டாமல் தொல்லியல் பார்க்கிற முறை

தாம்பரத்திலிருந்து கருவியை வேனில் ஏற்றிக்கொண்டு மதுராந்தகம், உத்திரமேரூர், திருப்போரூர் என்று எந்தப் பக்கம் போய் வயலில் இறங்கினாலும் முதல் கேள்வி ஒன்றுதான். “எங்கம்மா போர் போடலாம்?”

ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் பார்க்க வந்தவள் என்று நினைத்துக் கேட்கிறார்கள், கேள்வியில் தப்பில்லை. என் அப்பா 30 வருஷம் நீரோட்டம் பார்த்தவர். நாலு கம்பி, நாலு சுருள் ஒயர், மண்ணின் மின்தடையை அளக்கிற ஒரு பெட்டி, அவ்வளவுதான் சொத்து. உள்ளங்கையில் தேங்காய் வைத்து நடக்கிறவருக்குக் கிடைத்த மரியாதை அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. கிண்டியில் பயன்பாட்டு நிலவியல் படித்துவிட்டு நானும் அதே பெட்டியைத்தான் தூக்கினேன். அப்புறம் ஒருநாள் தொல்லியல் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் வந்து, கல்வட்டம் (பழைய கல்லறையைச் சுற்றி வட்டமாக நட்ட கற்கள்) இருக்கிற ஒரு கொல்லையின் பக்கத்து நிலத்தைப் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். அன்றிலிருந்து தண்ணீரில் ஒரு கால், முதுமக்கள் தாழியில் ஒரு கால்.

தொல்லியல் படிப்பவர்கள், ஊர் வரலாறு தேடுகிறவர்கள், தன் நிலத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைக்கிற விவசாயிகள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். கையேடுகள் நிறைய இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் குளிர்நாட்டுப் புல்வெளியில் நடந்தவர்கள் எழுதியவை. நம் நஞ்சையிலும் புஞ்சையிலும் அவை பாதிதான் பொருந்தும்.

கருவிக்கு என்ன தெரியும்

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கருவிக்கும் தாழி தெரியாது, சுவர் தெரியாது, சுட்ட செங்கல் தெரியாது. பக்கத்து மண்ணுக்கும் இந்த இடத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே தெரியும். காந்தத்தில் வேறுபாடு என்றால் காந்தமானி, மின்சாரம் ஓடுவதில் வேறுபாடு என்றால் மின்தடைக் கருவி, ரேடியோ அலை திரும்பி வருவதில் வேறுபாடு என்றால் ஜிபிஆர் என்கிற தரை ஊடுருவும் ரேடார். வேறுபாடு இல்லாவிட்டால் கோடி ரூபாய்க் கருவியும் ஊமைதான்.

நான் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகிற பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் அந்தப் புகழ்பெற்ற பழைய கற்காலக் கைக்கோடாரியை எடுத்தார். அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுப் பழமையான கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. இந்த இரண்டு இடங்களிலும் என் கருவியை உருட்டியிருந்தால் அந்தக் கருவிகளில் ஒன்றுகூடத் தட்டுப்பட்டிருக்காது. மண்ணில் கலந்து கிடக்கிற கையகலக் கல்லுக்கும் சரளைக்கும் கருவி பேதம் பார்க்காது. எரிந்தது, சுட்டது, தோண்டி மூடியது, கல்லால் அடுக்கியது ஆகிய நான்கில் ஒன்றைத் தேடினால்தான் இப்படிக் கருவியால் அளக்கிற புவி இயற்பியல் முறைகள் உதவும். அடுப்பு, சூளை, இரும்பு உருக்கிய உலை, உறைகிணறு, தாழி, கற்பதுக்கை (கற்பலகைகளால் அடைத்த கல்லறை), அகழி, செங்கல் அடித்தளம் எல்லாம் இதில் வந்துவிடும்.

முதல் நாள் கருவியை எடுத்துப் போகாதீர்கள்

டீ குடிக்கிற அளவுக்குக் காசு மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். நிலத்துக்காரரிடம் உட்காருங்கள். அவர் அப்பா காலத்தில் எந்த மடையிலிருந்து தண்ணீர் வந்தது, எந்தக் கிணறு தூர்ந்தது, எந்த மூலையில் வேர்க்கடலை சீக்கிரம் வாடுகிறது, எங்கே ஏர்முனை கல்லில் இடிக்கும் என்று கேளுங்கள். அவர் மனைவியிடமும் கேளுங்கள். களை எடுப்பதும் நாற்று நடுவதும் பெண்கள். காலுக்கடியில் ஓடு குத்துகிற இடம் அவர்களுக்குத்தான் தெரியும்.

நிலத்தின் பெயரைக் கேளுங்கள். சர்வே எண்ணைச் சொல்வார்கள், அதுவும் வேண்டும். ஆனால் ஊருக்குள் அந்த நிலத்துக்கு என்ன பெயர் என்பது வேறு கேள்வி. நத்தமேடு என்றால் ஒரு காலத்தில் குடியிருப்பு இருந்த மேடு. பாண்டவர் குழி, குரங்குப் பட்டடை என்று சொன்னால் அங்கே பெருங்கற்காலக் கல்லறை இருக்க நிறைய வாய்ப்பு. கிட்டம் (இரும்பு உருக்கிய கசடு) கிடக்கிற மேடு என்றால் இரும்பு உருக்கிய இடமாக இருக்கலாம்.

வரப்புகளைப் பாருங்கள். வட்டமாக நின்ற குண்டுக்கற்களை உழவுக்கு இடைஞ்சல் என்று தாத்தா காலத்தில் புரட்டி வரப்போரம் தள்ளியிருப்பார்கள். நடு வயலில் ஒன்றும் இல்லாமல் ஒரு மூலையில் மட்டும் பத்துப் பதினைந்து பெரிய கல் குவிந்து கிடந்தால் அவை எங்கிருந்து வந்தன என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

பானை ஓடு கிடக்கிறதா என்று எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். ஆனால் ஓட்டை நம்பி ஏமாந்திருக்கிறேன். ஒரு வயல் முழுக்கக் கருப்பு சிவப்பு ஓடு. மூன்று நாள் அளந்தேன். கருவியில் ஒன்றுமே இல்லை, துடைத்து வைத்த மாதிரி. கடைசி நாள் மாலைதான் நிலத்துக்காரர் சாவகாசமாகச் சொன்னார்: “ஏரி வண்டல் அடிச்சதிலே வந்ததும்மா அது, அம்பது வண்டி அடிச்சோம்.” ஓடு வண்டலோடு வந்திருக்கிறது. இருப்பிடம் ஏரிக்குள்ளே எங்கேயோ. தொழுவுக் குப்பை அடித்த நிலத்திலும் இதே கதைதான், கூடவே ஆணி, லாடம், பிளேடு என்று இரும்பும் வந்து சேரும். வண்டல் அடித்தீர்களா, குப்பை எங்கிருந்து வந்தது என்ற இரண்டு கேள்வியையும் இப்போது முதல் நாளே கேட்டுவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் தேதி வாரியாகப் பாருங்கள். மார்ச், ஏப்ரல் படங்களில் பயிர் காய்கிறபோது அடியில் கல் இருக்கிற இடம் முதலில் வெளிறும், மண் நிரம்பிய பள்ளம் கடைசிவரை பச்சையாக இருக்கும். புல வரைபடத்தை எடுத்து அதன்மேல் வைத்துப் பாருங்கள். நேர்கோட்டில் போகிற எல்லைக்கல் வரிசை ஓரிடத்தில் மட்டும் வளைந்தால், எதையோ சுற்றிக்கொண்டு போகிறது என்று பொருள்.

அனுமதியும் வதந்தியும்

நிலத்துக்காரர் சம்மதம் வாய்மொழியாகப் போதாது. ஒரு பக்கக் கடிதம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். குத்தகைக்கு உழுகிறவர் வேறு ஆளாக இருந்தால் அவரிடம் தனியாகக் கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு வெளியே 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. மத்தியத் தொல்லியல் துறையின் இடமென்றால் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள அலுவலகத்துக்கும், மாநிலத் துறையின் இடமென்றால் எழும்பூருக்கும் எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை அங்கே குச்சிகூட நடாதீர்கள். அகழாய்வுக்கு உரிமம் வேண்டும் என்பது தெரிந்ததுதான். ‘சும்மா ஒரு முழம் தோண்டிப் பார்ப்போம்’ என்பதும் அகழாய்வுதான்.

நிலத்துக்காரருக்குப் பயம் வரும். நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளுமா என்று கேட்பார். எடுக்க மாட்டார்கள் என்று சத்தியம் செய்யாதீர்கள், உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. தோண்டப் போவதில்லை, விளைச்சல் கெடாது, வரைபடத்தில் ஒரு பிரதி உங்களுக்கு என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெரிய ஆபத்து புதையல் பேச்சு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணில் புதைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். ஊரில் இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்? ஆரம்பத்தில் ஒரு ஊரில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். காந்த அளவு எகிறிய ஐந்து இடங்களில் மறுநாள் திரும்ப அளக்கலாம் என்று சிவப்புத் துணி கட்டிய குச்சியை நட்டுவிட்டு வந்தேன். காலையில் போனால் ஐந்து குச்சியும் கீழே கிடக்கின்றன, ஐந்து இடத்திலும் இடுப்பளவுக் குழி. ஒரு குழியின் ஓரத்தில் துருப்பிடித்த மோட்டார் புல்லி ஒன்று கிடந்தது. நிலத்துக்காரர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அதனால் கண்டிப்பான விதி: அளப்பதற்குப் போடுகிற கட்டத்தின் மூலைகளில் மட்டும் குச்சி. வேறுபாடு தெரிந்த இடத்தில் எந்த அடையாளமும் வேண்டாம். ஆயத்தொலைவு தாளில் இருக்கட்டும், தாள் பையில் இருக்கட்டும். கருவியில் ‘பீப்’ சத்தம் வந்தால் அணைத்துவிடுங்கள். மெட்டல் டிடெக்டரைக் கொண்டுவந்து உதவி செய்வதாகச் சொல்கிற நண்பரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

எப்போது போவது

பொங்கலுக்குப் பிறகு. சம்பா அறுத்து, தாள் காய்ந்து, நவரைப் பட்டத்துக்குத் தண்ணீர் கட்டாத நிலம் என்றால் பொன்னான நேரம். மண்ணுக்குள் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் இன்னும் இருக்கும், மேலே நடக்கலாம். சொர்ணவாரிப் பட்டத்துக்கு உழுதுவிட்டால் கட்டிகட்டியாகக் கிடக்கும், காந்தமானியோடு நேராக நடக்க முடியாது. மே மாதம் போனால் களிமண் வெடித்து, கம்பி இறங்காது. வெடிப்புக்குள் காற்றுதானே இருக்கிறது, அது மின்தடை வரைபடம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டு ஏமாற்றும். கார்த்திகையில் போனால் வயலெங்கும் தண்ணீர்.

புஞ்சையில் இவ்வளவு கெடுபிடி இல்லை. வேர்க்கடலை பிடுங்கியபின் ஒரு மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தால் போதும்.

கட்டம் போடுவது

20 மீட்டருக்கு 20 மீட்டர். நம் கணக்கில் கிட்டத்தட்ட 10 சென்ட். பத்துக் கட்டம் போட்டால் ஒரு ஏக்கர். மூங்கில் குச்சி, நைலான் கயிறு, இரண்டு டேப் போதும். இரும்பு முளை கூடாது. மூலை சரியான செங்கோணமா என்று பார்க்க மூலைவிட்டம் 28.28 மீட்டர் வருகிறதா என்று இழுத்துப் பாருங்கள். கொத்தனார்கள் மூணு நாலு அஞ்சு போட்டு மூலைமட்டம் பார்ப்பார்களே, அதே சங்கதிதான். கைப்பேசி ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும், அதை நம்பி மூலை வைக்காதீர்கள். எல்லைக்கல், கிணற்றுச் சுவரின் மூலை, மின்கம்பம் என்று நகராத மூன்று பொருளிலிருந்து டேப் இழுத்துக் குறித்துக்கொண்டால் அடுத்த வருஷமும் அதே கட்டத்தைத் திரும்பப் போடலாம்.

காந்தமானி

1958இல் இங்கிலாந்தில் மார்ட்டின் எய்ட்கன் புரோட்டான் காந்தமானியை வைத்து வாட்டர் நியூட்டன் என்ற இடத்தில் ரோமானியர் காலப் பானைச் சூளையைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் சூளை தேடக் காந்தமானியைவிட நல்ல கருவி கிடையாது. களிமண்ணில் உள்ள இரும்புத் துகள்கள் நன்றாகச் சூடேறி ஆறும்போது அன்றைய பூமியின் காந்தத் திசையை அப்படியே பிடித்துக்கொள்ளும். மேக்னடைட் என்ற இரும்புக் கனிமத்துக்கு அந்தச் சூட்டின் வரம்பு சுமார் 580 டிகிரி. சூளை, அடுப்பு, உறைகிணற்றின் வளையம், பல்லாவரத்தில் 19ஆம் நூற்றாண்டில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ எடுத்தாரே அந்த மாதிரிச் சுடுமண் ஈமப்பேழை எல்லாமே சிறு காந்தங்கள்தான்.

காந்தப்புலத்தை அளக்கிற அலகு நானோடெஸ்லா. சென்னையில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. மண் நிரம்பிய குழி ஒன்று அதில் உண்டாக்குகிற மாறுதல் ஒன்றிலிருந்து பத்து வரை. சூளை என்றால் பத்துக்கணக்கில், நூற்றுக்கணக்கில். இரும்புத் துண்டு எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அதனால் இரண்டு உணரிகளை மேலும் கீழுமாக வைத்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கிற கிரேடியோமீட்டர் வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். நண்பகலில் தென்னிந்தியாவின் வானத்தில் ஓடுகிற மின்னோட்டம் காந்தப்புலத்தைப் பத்துக்கணக்கான நானோடெஸ்லா நகர்த்தும். ஒற்றை உணரி என்றால் இன்னொரு கருவியை ஓரிடத்தில் நிறுத்தி வைத்து அதைக் கழிக்க வேண்டும். இரட்டை உணரியில் அது தானாகவே அடிபட்டுப் போகும்.

தூக்கி நடக்கிறவர் உடம்பில் இரும்பு இருக்கக் கூடாது. பெல்ட் பக்கிள், சாவி, கைப்பேசி, பேனா மூடியின் கிளிப், ஷூவுக்குள் இருக்கிற இரும்புப் பட்டை, சில உள்ளாடைகளின் கம்பி, ஊக்கு. ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு வேட்டிதான் சிறந்த உடை, அதில் ஜிப் கிடையாது. வெள்ளி அரைஞாணால் பிரச்சினை இல்லை. ஒருமுறை ஒரு பையன் நடந்தால் மட்டும் அளவு துள்ளியது. எல்லாவற்றையும் கழற்றியாகிவிட்டது. கடைசியில் கழுத்துத் தாயத்து. செம்புக் குப்பிக்குள் சின்ன ஆணி ஒன்றை வைத்து மந்திரித்திருக்கிறார்கள். அவன் அம்மாவைக் கேட்காமல் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டான். சரி, நானே நடந்தேன்.

கோட்டுக்குக் கோடு அரை மீட்டர் வையுங்கள். ஒரு மீட்டர் போதும் என்பார்கள். நம் பக்கத்துக் கல்வட்டம் பல ஆறேழு மீட்டர் விட்டம்தான். ஒரு மீட்டர் இடைவெளியில் ஏழு கோடுதான் அதன்மேல் போகும், வட்டமா புள்ளியா என்றே புரியாது. அரை மீட்டர் என்றால் ஒரு கட்டத்துக்கு 40 கோடு, 800 மீட்டர் நடை. ஒரு ஏக்கருக்கு எட்டு கிலோமீட்டர். காலை ஆறரைக்குத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் நாலைந்து கட்டம் முடிந்தால் நல்ல நாள்.

இனி, வெளிநாட்டுக் கையேட்டில் தேடிப் பிடிக்க வேண்டிய ஒரு விஷயம். இங்கிலாந்து மாதிரிக் குளிர்நாட்டில் காந்தமுள்ளைச் செங்குத்தாக ஆடவிட்டால் 65 டிகிரிக்கு மேல் தரையைப் பார்த்துக் குத்தும். சென்னையில் சுமார் 10 டிகிரிதான் சாயும், ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். பூமியின் காந்த நடுக்கோடு தென்தமிழ்நாட்டின் பக்கமாகப் போவதால் இப்படி. இதனால் இரண்டு விளைவுகள்.

ஒன்று, அங்கே குழி இருந்தால் அதன் மேலேயே ஒரு கரும்புள்ளி விழும். இங்கே தெற்கே ஒரு ஏற்றம், வடக்கே ஒரு இறக்கம் என்று ஜோடியாக விழும். பொருள் இருப்பது இரண்டுக்கும் நடுவில். ஏற்றத்தைப் பார்த்து அங்கே குழி போட்டால் தவறவிடுவீர்கள்.

இரண்டாவது இன்னும் மோசம். வடக்கு தெற்காக ஓடுகிற சுவர் காந்தமானிக்குக் கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது, அதன் இரண்டு முனை மட்டும் லேசாகத் தெரியும். கிழக்கு மேற்குச் சுவர் நன்றாகத் தெரியும். நம் ஆட்கள் வீட்டையும் கோயிலையும் திசை பார்த்துத்தானே கட்டினார்கள்? அதனால் ஒரு கட்டடத்தின் மேல் நடந்தால் இரண்டு இணைகோடு கிடைக்கும், குறுக்குச் சுவர் இருக்காது. முதன்முதலில் அதைப் பார்த்து, ‘பழைய வண்டிப்பாதை, இரண்டு பக்கமும் வாய்க்கால்’ என்று அறிக்கை எழுதினேன். பிறகு மின்தடை அளந்தபோது குறுக்குச் சுவர் இரண்டும் வந்து உட்கார்ந்தன. அறிக்கையைத் திருத்தி அனுப்பினேன். நம் ஊரில் காந்தமானியை மட்டும் நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். அளக்கிற கோடுகளை வடக்கு தெற்காக நடங்கள், அந்த ஜோடி முழுதாகப் பதிவாகும்.

தொல்லை தருகிற பாறையும் உண்டு. பரங்கிமலை, பல்லாவரப் பக்கத்துச் சார்னோகைட் பாறையில் மேக்னடைட் கலந்திருக்கும். அதே கல்லில் நட்ட கல்வட்டம் என்றால் நமக்கு லாபம், அடியில் பாறை மேலே வந்திருந்தால் நஷ்டம். செம்புறைக்கல் நிலத்திலும் இரும்பு அதிகம், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். கம்பிவேலியிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர், மோட்டார் கொட்டகையிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் விலகியே நடங்கள்.

அப்பாவின் பெட்டி

மின்தடை முறைதான் எனக்குப் பிடித்தது, மறைக்கவில்லை. 1946இல் தொல்லியலாளர் அட்கின்சன் இங்கிலாந்தில் டார்செஸ்டர் வயல்களில் இதைத் தொல்லியலுக்குப் பயன்படுத்தினார். நீரோட்டம் பார்க்கிற அதே கருவி போதும், கம்பி அமைப்பை மட்டும் மாற்ற வேண்டும்.

தண்ணீர் தேடும்போது கம்பிகளை அகட்டி அகட்டி 50, 100 மீட்டர் ஆழம் பார்ப்போம். இங்கே நமக்கு வேண்டியது ஒரு முழம், இரண்டு முழம். மரச்சட்டம் ஒன்றில் அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பி. அதில் ஒன்று மின்னோட்டத்துக்கு, ஒன்று மின்னழுத்தத்துக்கு. ஜோடியில் மீதி இரண்டு கம்பி தூரத்தில் ஓரிடத்தில் நிலையாக நிற்கும். அந்தத் தூரம் சட்டத்தின் இடைவெளியைப் போல 30 மடங்காவது இருக்க வேண்டும், அதாவது கட்டத்தின் மிக அருகிலுள்ள புள்ளியிலிருந்தும் 15 மீட்டர். இந்த அமைப்பு முக்கால் மீட்டர் ஆழம்வரை நன்றாகப் பார்க்கும். என் முதல் சட்டத்தைப் பிவிசி குழாயில் செய்தேன், மதிய வெயிலில் வளைந்தது. இரண்டாவது வேங்கை மரம், இன்னும் ஓடுகிறது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி பல்லாவரம் சந்தையில், ஒயரும் பிளக்கும் சென்னை ரிச்சி தெருவில். ஒயர் வாங்கும்போது நெகிழ்வான பல இழை ஒயராகக் கேளுங்கள், ஒற்றை இழை வாங்கினால் நாலு நாளில் உள்ளே முறியும். வெளியே தெரியாது, நாள் முழுக்கத் தேடுவீர்கள்.

ஒரு மீட்டருக்கு ஒரு குத்து. ஒரு கட்டத்துக்கு 400 அளவு. ஒருவர் குத்த, ஒருவர் எழுத, ஒருவர் ஒயரைத் தூக்கிப் பிடிக்க என்று மூன்று பேர் வேண்டும். எழுதுகிறவர் எண்ணைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அடுத்த கட்டத்துக்குப் போகும்போது தூரக் கம்பிகளை நகர்த்த நேர்ந்தால், சட்டத்தை ஒரே புள்ளியில் குத்தி வைத்துக்கொண்டு பழைய அளவே வரும்வரை தூரக் கம்பிகளின் இடைவெளியைக் கூட்டிக் குறையுங்கள். இதைச் செய்யாவிட்டால் வரைபடத்தில் கட்டம் கட்டமாகத் தையல் தெரியும்.

மண்ணின் மின்தடையை ஓம் மீட்டர் என்ற அலகில் சொன்னால் ஈரக் களி 5 முதல் 20 இருக்கும். காய்ந்த செம்புறை நூற்றுக்கணக்கில். கெட்டிப் பாறை ஆயிரத்துக்கு மேல். ஆக, கல் அடுக்கு உயரமாகவும் வண்டல் நிரம்பிய அகழி தாழ்வாகவும் வரும். சுட்ட செங்கல் மட்டும் பச்சோந்தி. அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், காய்ந்த மண்ணில் சுற்றியுள்ள மண்ணைப் போலவே காட்டி ஒளிந்துகொள்ளும். அதற்குத்தான் ஈரம் இருக்கும்போது போகச் சொன்னேன்.

வயல் மின்சாரம் வருகிற நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மும்முனை மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார்கள் எல்லாம் ஒரே சமயத்தில் உறுமும், தரையில் கசிகிற மின்சாரத்தால் அளவு ஆடும். இன்னொன்று, பக்கத்து மடையைத் திறந்துவிட்டால் உங்கள் கட்டத்தில் பாதி ஈரம், பாதி காய்ச்சல். பக்கத்து நிலத்துக்காரரிடமும் ஒரு டீ குடித்து வையுங்கள்.

ஜிபிஆர்

எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான், தள்ளுவண்டியும் திரையுமாக இருப்பதால். மணலில் அருமையாக வேலை செய்யும். சுனாமிக்குப் பின் செங்கல் கோயில் வெளிப்பட்ட சாளுவன்குப்பம் மாதிரிக் கடலோர மணல்மேடுகளில் 400 மெகாஹெர்ட்ஸ் உணரியை இழுத்தால் இரண்டு மீட்டர்வரைகூடப் பார்க்கலாம், உப்புத் தண்ணீர் மட்டம் வரும்வரை. ஏரிப் பாசனக் களி நஞ்சையில் அரை மீட்டரில் அலை செத்துவிடும். சேற்றுழவு செய்து செய்து ஒரு சாண் ஆழத்தில் இறுகிய தட்டு இருக்கிறதே, அது திரையில் பளிச்சென்று நேர்கோடாக வந்து தரைத்தளம் கிடைத்துவிட்டது என்று ஆசை காட்டும். ஆழக் கணக்கு எளிது. அலையின் வேகம் நானோநொடிக்கு 0.1 மீட்டர் என்றால், 20 நானோநொடியில் திரும்பி வந்த எதிரொலி ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, போக வர என்பதால் பாதி. கீழடியில் காந்தமானி, ஜிபிஆர் இரண்டையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். உங்களிடம் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, நிலம் களி என்றால் ஜிபிஆர் வாடகைப் பணத்தை மின்தடை அளக்கிற மூன்று பேருக்குக் கூலியாகக் கொடுங்கள்.

படத்தைப் படிப்பது

எண்களைச் சாம்பல் நிறப் படமாக்க ஸ்னஃப்ளர் என்ற இலவச மென்பொருள் போதும். அதை நில வரைபடத்தின் மேல் உட்காரவைக்கக் கியூஜிஐஎஸ், அதுவும் இலவசம். வண்ண வண்ணமாகப் போடாதீர்கள். வானவில் நிறத்தில் இல்லாத சுவரெல்லாம் தெரியும்.

ஏர் போன கோடுகள் ஒரே திசையில் நெருக்கமாக வரும். பழைய வரப்பு, மேடு வெட்டிப் பள்ளம் நிரப்பிச் சமன் செய்த இடம், புதைத்த குழாய் எல்லாம் நேராக வரும். முதலில் இவற்றையெல்லாம் பென்சிலால் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்களுக்கு. அந்த மிச்சத்துக்கும் உடனே பெயர் வைக்காதீர்கள். ‘வட்டமான உயர் மின்தடை, விட்டம் 7 மீட்டர்’ என்று மட்டும் எழுதுங்கள். ‘கல்வட்டம்’ என்பது அடுத்த பத்தியில், ‘இருக்கலாம்’ என்ற சொல்லோடு.

பிறகு படத்தை எடுத்துக்கொண்டு திரும்பவும் அந்தத் திண்ணைக்குப் போக வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. ஒரு நிலத்தில் 150 நானோடெஸ்லாவுக்கு மேல் ஒரு ஜோடி, பக்கத்திலேயே கிட்டமும் கிடந்தது. இரும்பு உலைதான் என்று எனக்கு ராத்திரி தூக்கமில்லை. படத்தைப் பார்த்த பாட்டி ஒருவர், கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுச் சிரித்தார். “காளவாய் போட்ட எடம்மா அது. இந்த வீட்டுக்கு அங்கேதான் கல்லு அறுத்துச் சுட்டோம்.” வீட்டுச் சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தேன் நான். சென்னையில் சூளை என்று ஒரு பேட்டையே இருக்கிறது, சூளை போட்ட இடம் என்றுதான் பெயர்க் காரணம் சொல்வார்கள். அது தெரிந்தும் எனக்கு ஊர்தோறும் காளவாய் இருந்திருக்கும் என்று தோன்றவில்லை. கிட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அதற்கு மட்டும் யாருக்கும் பதில் தெரியவில்லை. இரண்டு கட்டம் தள்ளி, நான் கவனிக்காமல் விட்ட ஒரு சின்ன ஜோடியை மறுவாரம் திரும்ப அளந்தோம். அது அறிக்கையில் ‘சூடேறிய பரப்பு, ஆராய வேண்டியது’ என்று இருக்கிறது.

அறிக்கையில் கட்டத்தின் ஆயத்தொலைவு, கருவி, இடைவெளி, தேதி, மண்ணின் ஈரம், கடைசியாக மழை பெய்த நாள், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் வரட்டும். பதப்படுத்தாத எண்களைத் தனியாகச் சேர்த்து வையுங்கள். ஒன்றும் கிடைக்காத கட்டத்தையும் போடுங்கள். ஒரு பிரதி மாநிலத் தொல்லியல் துறைக்கு, ஒரு பிரதி நிலத்துக்காரருக்கு. பொதுவில் எழுதினால் சர்வே எண்ணையும் துல்லியமான இடத்தையும் நீக்கிவிடுங்கள், குழி வெட்டியவர்களும் படிக்கத் தெரிந்தவர்கள்தான். ஜிஎஸ்டி சாலைக்கு இரு பக்கமும் வயல்கள் பிளாட்டாகிற வேகத்தில், ஜேசிபி வருவதற்கு முன் போய்ச் சேர்ந்த வரைபடம் ஒன்றாவது அலுவலகத்தில் இருக்கட்டும்.

கிளம்பும்போது குச்சிகளை எண்ணி எடுங்கள். வரிசைக்கு ஐந்து வீதம் இரண்டு வரிசை, பத்துக் கட்டம் போட்டால் 18 குச்சி. பதினேழுதான் கையில் இருக்கிறது என்றால் வேனில் ஏறாதீர்கள். நாளைக்கு நாற்று நடுகிறவர்கள் வெறுங்காலில் இறங்குவார்கள்.